மெல்கிசெதேக்கு என்ன குலம்?

சரவணம்பட்டியில் பூசை முடிந்து வரும்போது மாணவத் தோழர் ஒருவர் கேட்டார்: "மெல்கிசெதேக்கு யாருங்க?"

ஆபிராமுக்கு அப்பமும் திராட்சை ரசமும் கொண்டுவந்த சாலேம் ராசா, குருவும்கூட. அவர் வழியில் என்றைக்கும் ஒரு குரு என்கிறது திருப்பாடல் 110. அதில் கிறிஸ்துவையும் நற்கருணையையும் பார்க்கிறது திருச்சபை. சரி. ஆனால் எபிரேயர் 7 சொல்வதை நம்மாளுங்க பேசறதில்லை: அவருக்குத் தாய் தகப்பன் இல்லை, தலைமுறைப் பட்டியல் இல்லை. லேவி குலத்துக்கு வெளியே நிற்கிற குருத்துவம் அது.

குலம் கேட்காத அந்தக் குருவின் பேரில்தான் வடக்கன்குளத்தில் 1872இல் சாதிக்கொரு பக்கமாகக் கோயில் கட்டி நடுவே சுவர் வைத்தார்கள். அந்தச் சுவர் பிறகு இடிந்தது. சாதி இடிந்ததா? திருச்சபைக்குள் தீண்டாமை உண்டென்று 2016இல் இந்திய ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டதே!

தோழர்களே, பீடத்தில் ஒரே அப்பம், கல்லறையில் தனித்தனிக் குழி என்றால் அது மெல்கிசெதேக்கின் முறை அல்ல. மனுவின் முறை.