கைப்பேசி கூட்டும், சங்கமே காக்கும்!

மில் தொழிலாளிக்கு மில் கேட் இருந்தது. ஷிப்டு மாறும் நேரத்தில் அங்கே நின்று பேசினால் ஆயிரம் பேர் காதில் விழும். வீடு வீடாக உணவும் மளிகையும் கொண்டு போய்க் கொடுக்கும் இளைஞனுக்கு கேட் எங்கே? மேஸ்திரி எங்கே? முதலாளி எங்கே? எல்லாம் அவன் கையிலுள்ள கைப்பேசிக்குள்ளேயே இருக்கின்றன. ஆர்டர் தருவதும் அதுதான். கூலியைக் குறைப்பதும் அதுதான். ஐடியை முடக்கி வேலையைப் பறிப்பதும் அதுதான்!

இத்தகைய 'கிக்' தொழிலாளர்கள் 2020-21ல் நாட்டில் 77 லட்சம் பேர் என்று நிதி ஆயோக்கே 2022ல் மதிப்பிட்டது. ஆனால் கம்பெனிகள் இவர்களைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை, 'பார்ட்னர்' என்கின்றன. பங்காளியாம்! லாபத்தில் பங்குண்டா? இல்லை. வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, லாபம் மட்டும் கம்பெனியுடையது! இது வெறும் சொல் விளையாட்டல்ல. தொழிலாளி இல்லையென்றால் குறைந்தபட்சக் கூலி இல்லை, பி.எப். இல்லை. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், நல நிதி தருவதாகச் சொல்லிவிட்டு, வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உள்ளவர்கள் என்றே இவர்களை வரையறுக்கிறது.

அதே கைப்பேசியைத் தொழிலாளிகள் ஆயுதமாக்கியதும் உண்டு. 2020 ஜூலை 1ல், கொள்ளைநோய்க் காலத்தில், பிரேசிலின் பல நகரங்களில் உணவு கொண்டு செல்வோர் வேலையை நிறுத்தினர். அந்த அறைகூவல் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவே பரவியது. அன்று ஆலை முதலாளி லாக்-அவுட் செய்தான். இன்று தொழிலாளியே செயலியிலிருந்து லாக்-அவுட் செய்து வேலையை நிறுத்துகிறான்!

ஆனால் குழு வேறு, ஸ்தாபனம் வேறு. எங்கள் ஊரில் ஒரு கம்பெனி ஓர் இரவில் கூலியைக் குறைத்தது. குழுவில் செய்தி பறந்தது; காலையில் அறுபது பேர் திரண்டனர். மாலைக்குள், முன்னால் நின்ற மூவரின் ஐடி முடக்கப்பட்டது. மறுநாள் குழுவில் 'காட்டிக் கொடுத்தவன் யார்?' என்ற சண்டை. அதற்கடுத்த நாள் சாதித் தலைவர்களின் படங்கள், சினிமா ரசிகர்களின் வசைகள். தொழிலாளி என்று கூடியவர்கள் சாதியாகவும் ரசிகராகவும் கலைந்தார்கள். அந்த மூவருக்காகப் பேச ஒரு செயலாளர் இல்லை. அவர்கள் வீட்டு அடுப்பெரிய ஒரு நிதி இல்லை. நாங்களும் குழுவில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம். இந்தத் தவறை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிரிட்டனைப் பாருங்கள். ஊபர் ஓட்டுநர்கள் தொழிற்சங்கத் துணையோடு வழக்காடி 2016ல் தீர்ப்பாயத்தில் வென்றனர். கம்பெனி மேலே மேலே அப்பீல் போயிற்று. ஓட்டுநர்கள் அசையவில்லை. 2021 பிப்ரவரி 19ல் உச்ச நீதிமன்றமே இவர்கள் தொழிலாளர்கள்தான் என்று தீர்ப்பளித்தது. குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு விடுமுறையும் உரிமையாயின. ஒருநாள் பரபரப்பால் இது கிடைக்கவில்லை; ஆண்டுக்கணக்கில் கலையாமல் நின்றதால் கிடைத்தது.

ஆகவே தோழர்களே, வாட்ஸ்அப்பை வெறுக்க வேண்டாம். அதுவே போதும் என்றும் மயங்க வேண்டாம். குழுவில் உள்ள ஒவ்வொரு பெயரும் உறுப்பினர் பதிவேட்டில் ஏறட்டும். சந்தா வசூலாகட்டும், கமிட்டி தேர்ந்தெடுக்கப்படட்டும். நம் சங்க ஆபீஸ் கதவு நள்ளிரவு வரை திறந்திருக்கட்டும். போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் அந்த இளைஞன் உள்ளே வரட்டும். அவன் இழந்த மில் கேட் அங்கேதான் மீண்டும் திறக்கும்!