புழுதிப் பாட்டும் புதுத் தட்டும்

தொழிலாளியின் பாட்டு யார் கையில் இருக்கிறது? அதை வெளியிடுவதும் வெளியிடாமல் பெட்டியில் பூட்டி வைப்பதும் யாருடைய விருப்பம்? கூலியையும் போனசையும் பற்றிப் பேசும் நம் பத்திரிகையில் இதென்ன பாட்டுக் கச்சேரி என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கூலிப் பிரச்சினையோடு சேர்ந்தே பிறந்த கேள்வி இது என்பது நம் கருத்து. அதை விளக்க ஓர் இசைத்தட்டுத் தொகுதியின் கதையை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க நாட்டுப் பாடகர் உட்டி கத்ரி 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டஸ்ட் பவுல் பாலட்ஸ்' என்பதே அத்தொகுதி. புழுதி நிலத்துக் கதைப்பாட்டுகள் என்று தமிழில் சொல்லலாம். கடைக்கு வந்த அவருடைய முதல் தொகுதி இதுவே. பழைய ஒலிப்பதிவைத் துப்புரவு செய்து 2000ஆம் ஆண்டில் புடா ரெக்கார்ட்ஸ் நிறுவனம் குறுந்தட்டாக மறுபடியும் வெளியிட்டது. அதைக் கேட்ட பிறகே நாம் இதை எழுதுகிறோம்.

கத்ரி 1912ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் ஓக்லஹோமா மாநிலத்தின் ஓக்கீமா என்ற சிற்றூரில் பிறந்தவர். பிறகு டெக்ஸாஸ் மாநிலத்துப் பாம்ப்பா என்ற ஊரில் வசித்தார். கடை விளம்பரப் பலகை எழுதுவதும் கிதார் வாசிப்பதும் அவருடைய பிழைப்பு. அந்தப் பிரதேசம் முழுவதும் ஒரு காலத்தில் புல்வெளி. முதல் உலகப் போரின்போது கோதுமைக்கு நல்ல விலை கிடைத்ததால் புல்லைப் புரட்டிக் கண்ட இடமெல்லாம் உழுதார்கள். மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்வேர் போயிற்று. 1930களில் மழையும் பொய்த்தது. காற்று அடித்தபோது மேல்மண் அப்படியே எழுந்து வானத்தை மறைத்தது. 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் வீசிய புழுதிப் புயலை அந்நாட்டார் இன்றும் 'கறுப்பு ஞாயிறு' என்றே சொல்கிறார்கள். அன்று பட்டப்பகல் நள்ளிரவாயிற்று.

இயற்கை மட்டும் அம்மக்களை விரட்டவில்லை. விளைச்சல் இல்லை, கடன் கட்ட வழியில்லை, பாங்கு நிலத்தைப் பிடித்துக்கொண்டது. வாரத்துக்கு உழுத குடியானவர்களை நிலச் சொந்தக்காரர்கள் வெளியேற்றிவிட்டு டிராக்டரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1940க்குள் சமவெளி மாநிலங்களை விட்டு வெளியேறியவர்கள் சுமார் 25 இலட்சம் பேர் என்று கணக்குச் சொல்கிறது. பழைய மோட்டார் வண்டியில் படுக்கையையும் பானையையும் கட்டிக்கொண்டு, 66ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக மேற்கே கலிபோர்னியாவை நோக்கிப் போனவர்கள் அவர்களில் ஒரு பகுதியினர். பழத்தோட்டத்தில் வேலை உண்டு என்ற விளம்பரத் துண்டுகளை நம்பிப் போனார்கள். பத்துப் பேருக்கு வேலையுள்ள இடத்தில் நூறு பேர் வந்து நின்றால் கூலி என்ன ஆகும் என்பதை நம் தோழர்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

இந்த மக்களைப் பற்றிய பாட்டுகளே அத்தொகுதி. நியூ ஜெர்சி மாநிலத்துக் கேம்டன் நகரில், விக்டர் கம்பெனியின் பதிவுக்கூடத்தில் 1940 ஏப்ரல், மே மாதங்களில் பதிவாயிற்று. கத்ரியின் குரல், அவருடைய கிதார், வாயில் வைத்து ஊதும் ஆர்மோனிகா; இவ்வளவுதான். பக்கவாத்தியம் எதுவும் கிடையாது.

பாட்டுகளின் பொருளைக் கவனியுங்கள். ஒரு பாட்டில் புயல் வந்த நாளின் வரலாறு. இன்னொன்றில் ஊரார் ஒருவருக்கொருவர் விடைபெற்றுப் போகும் காட்சி. புழுதியைச் சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் கெட்டவனின் பாட்டு ஒன்று. அதிலும் சிரிப்பு மூட்டுகிறார் மனிதர். மேல்நாட்டார் சுரங்களுக்கு வைத்த பெயர்களையே பணத்துக்குக் கொச்சைச் சொல்லாக வைத்து, கையில் காசில்லாதவன் கலிபோர்னியா எல்லைக்குப் போகாமல் இருப்பதே மேல் என்று கேலி செய்யும் பாட்டு ஒன்று. அது வெறும் கற்பனையன்று. 1936ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீஸ் தலைவர், தம் அதிகாரத்துக்கு உட்படாத மாநில எல்லைக்கே 136 போலீஸ்காரர்களை அனுப்பி, கையில் காசில்லாமல் வந்தவர்களைத் திருப்பி விரட்டினார். ஏழை ஒருவரை மாநிலத்துக்குள் அழைத்து வருவதே குற்றம் என்றிருந்த கலிபோர்னியச் சட்டத்தை 1941இல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தது.

வேலைநிறுத்தக்காரர்களை இரவில் தேடிவந்து அடிக்கும் கூலிப் படையைப் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. அதில் கூச்சல் கிடையாது. யார் அவன், எதற்காக வருகிறான் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டே போகிறார். கேட்கிற நமக்கு உடம்பு சிலிர்க்கிறது. இன்னொரு பாட்டு, தேவாலயத்தில் பாடிய ஒரு துதிப் பாட்டின் மெட்டில் அமைந்தது. இவ்வுலகம் நம் வீடன்று, வீடு மேலுலகில் இருக்கிறது என்பது அந்தத் துதியின் கருத்து. கத்ரி அதைத் திருப்பிப் போட்டார். எனக்கு இவ்வுலகிலேயே வீடில்லை. அதைப் பறித்தவர்கள் இன்னார் என்று பாடினார். மெட்டு ஜனங்களுக்கு முன்பே தெரியும். ஆகவே புதுப் பொருள் நேராக நெஞ்சில் போய் விழுந்தது.

நமக்கும் இக்கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்த அகதிகளின் வண்டிச் சக்கரத்தில் சுற்றியது ரப்பர். அந்நாளில் உலகில் அதிகமாக ரப்பர் விளைந்த இடம் மலாயா. அதை அதிகமாக வாங்கிய நாடு அமெரிக்கா. அமெரிக்காவில் தொழில் படுத்தபோது இங்கே கித்தா விலை விழுந்தது. 1930களின் தொடக்கத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அங்கே மேற்கு நோக்கி ஓடிய குடும்பமும், இங்கே துறைமுகத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த குடும்பமும் ஒரே சந்தைச் சரிவில் அடிபட்டவர்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், அவ்வளவே.

இனி, தட்டின் கதைக்கு வருவோம். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அரக்குத் தட்டுகள் அவை. மூன்று தட்டு கொண்ட இரண்டு தொகுதிகளாக 1940 ஜூலையில் வெளிவந்தன. மொத்தம் ஆறு தட்டு, பன்னிரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் சில நிமிடம்தான் பிடிக்கும். ஸ்டைன்பெக் 1939இல் எழுதிய நாவலின் நாயகன் டாம் ஜோடின் கதையைக் கத்ரி நீண்ட பாட்டாகப் பாடியிருந்தார். அதை இரண்டாக வெட்டி இரண்டு பக்கத்தில் வைக்கவேண்டியதாயிற்று. பதிவானவை 13 பாட்டுகள், வெளிவந்தவை 11. இடமில்லாமல் நின்றுபோன இரண்டில் ஒன்று, பாங்குகளைக் கொள்ளையடித்த ஒருவனைப் பற்றியது. துப்பாக்கியால் பறிப்பவனும் உண்டு, பேனாவால் பறிப்பவனும் உண்டு என்பது அதன் சாரம். பேனா பிடிக்கும் கிராணிமார் அனைவரும் கேட்கவேண்டிய பாட்டு அது!

சில ஆண்டுகளில் அத்தொகுதி கடைகளில் இல்லாமற் போயிற்று. மறுபடியும் வெளியிடுங்கள் என்று கத்ரியே கேட்டார். கம்பெனி மறுத்தது. பாடியவர் அவர், அனுபவித்த ஜனங்கள் இலட்சக்கணக்கில் உயிரோடு இருந்தார்கள், ஆயினும் தட்டு கம்பெனியின் சொத்து. பிறகு 1950இல் ஃபோக்வேஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய மோசஸ் ஆஷ், பெரிய கம்பெனியின் அனுமதியில்லாமலே அப்பாட்டுகளை நீண்ட நேரத் தட்டில் வெளியிட்டார். கத்ரியின் சம்மதம் இருந்தது. சட்டப்படி அது சரியா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். ஆஷ் செய்தது நியாயம் என்றே நாம் சொல்வோம். விற்க மனமில்லாத பொருளைப் பிறர் கொடுக்கவும் விடமாட்டேன் என்பது வைக்கோற்போர் நாயின் நியாயமன்றோ?

1960களில் நாட்டுப் பாட்டுக்கு அமெரிக்க இளைஞர்களிடையே திடீர் மதிப்பு ஏற்பட்டது. பணம் வரும் என்று தெரிந்ததும் கம்பெனிக்குப் பழைய பதிவு நினைவுக்கு வந்தது. 1964இல் நின்றுபோன இரண்டு பாட்டுகளையும் சேர்த்து வெளியிட்டது. ஆனால் அப்போது கத்ரி பரம்பரை நரம்பு நோயான ஹண்டிங்டன் நோயால் பல ஆண்டுகளாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். கிதாரைப் பிடிக்கும் சக்தி கைக்கு இல்லை. 1967 அக்டோபர் 3ஆம் நாள் காலமானார். 1988இல் ரவுண்டர் நிறுவனத்தின் பதிப்பு வந்தது. 2000இல் நாம் சொல்லும் பதிப்பு வந்தது.

துப்புரவு செய்த பதிப்பில் என்ன லாபம்? சொல் தெளிவாக விழுகிறது. பழைய தட்டில் ஊசி உராயும் இரைச்சலுக்குள் வார்த்தையைத் தேடவேண்டும். இங்கே கட்டைவிரல் கம்பியைத் தட்டுவதும், அடிக்கு அடி மூச்சு வாங்குவதும் கேட்கின்றன. கதைப்பாட்டுக்குச் சொல்லே உயிர். ஆதலால் இது சிறு லாபமன்று. ஆயினும் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். இரைச்சலை அளவுக்கு மீறித் தேய்த்தால் குரலின் கரகரப்பும் கூடவே போய்விடும். அந்தக் கரகரப்பு பழுதன்று. அது அந்த மண். இப்பதிப்பு அந்த அளவுக்குத் தேய்க்கவில்லை என்பது நமக்குத் திருப்தி. பன்னிரண்டு முறை எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்ட கதையைக் கோவையாக உட்கார்ந்து கேட்க முடிகிறது. விடுபட்டவை உரிய இடத்துக்கு வந்துவிட்டன.

இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது முறையன்று.

முதலாவது: கத்ரி உழவரல்லர். அவருடைய தந்தை நிலம் வாங்கி விற்றவர். உழாதவர் உழவனுக்காக 'நான்' என்று பாடலாமா? கலிபோர்னியாவில் அவர் வானொலியில் பாடினார். தொழிலாளர் முகாம்களுக்குப் போனார். அவர்கள் நடுவில் பாடினார். இடதுசாரிப் பத்திரிகையில் பத்தி எழுதினார். பார்த்ததையும் கேட்டதையும் பாடினார். பால் வெட்டாத கிராணி பால்வெட்டுத் தொழிலாளிக்காக மனு எழுதுவதில்லையா? எழுதியவன் யார் என்பதைவிட, மனுவில் உள்ளது உண்மையா, அதை வாசித்துக் காட்டினால் தொழிலாளி தன் குறை இதுவே என்று ஒப்புவானா என்பதே கேள்வி. அந்தச் சோதனையில் கத்ரி தேறுகிறார்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. கலிபோர்னிய வயல்களில் இவர்களுக்கு முன்பே வேலை செய்தவர்கள் மெக்சிகர்களும் பிலிப்பினோக்களும். 1930களில் மெக்சிகர்களை இலட்சக்கணக்கில் எல்லைக்கு அப்பால் அனுப்பினார்கள். அவர்கள் இத்தொகுதியில் இல்லை. இது குறையே. ஆனால் கத்ரி அங்கே நின்றுவிடவில்லை. 1948 ஜனவரி 28ஆம் நாள் கலிபோர்னியாவில் லாஸ் கட்டோஸ் என்ற இடத்தில் விமானம் விழுந்து 32 பேர் இறந்தார்கள். அவர்களில் 28 பேர் திருப்பி அனுப்பப்பட்ட மெக்சிகத் தொழிலாளர்கள். செய்தியில் விமானிகளுக்குப் பெயர் இருந்தது. தொழிலாளர்களுக்குப் பெயர் இல்லை. அதைக் கண்டு மனம் கொதித்துக் கத்ரி ஒரு பாட்டு எழுதினார். அவர்களுடைய பெயர்கள் கல்லறையில் பொறிக்கப்பட்டது 2013இல்தான். பெரட்டுக்களத்தில் தினமும் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் புள்ளி போடத் தெரிந்த உலகத்துக்கு, செத்தபோது பெயர் தெரியாமற் போனதென்ன?

தோழர்களே! கத்ரியின் பாட்டுக்குக் கம்பெனி ஒருநாள் கதவைத் திறந்தது, மறுநாள் மூடியது, பணம் வருமென்றால் மறுபடியும் திறந்தது. எப்படியாயினும் பதிவு என்று ஒன்று இருந்தது. ஆகையால் துப்புரவு செய்ய முடிந்தது. நம் லயங்களில் பாடிய தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும், கங்காணியைக் கேலி செய்த கும்மியும் எந்தத் தட்டில் இருக்கின்றன? சிலர் பாடுபட்டு ஏட்டில் எழுதி வைத்தார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் ஏட்டில் குரல் கேட்காது. கித்தாத் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. லயங்கள் இடிந்தன, அங்கே பாடியவர்கள் நகர்ப்புற அடுக்கு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். இல்லாத பதிவை எந்த இயந்திரமும் துப்புரவு செய்யாது.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமன்று. இன்று பதிவு செய்யக் கம்பெனி வேண்டாம், கூடம் வேண்டாம். சட்டைப்பையில் கைப்பேசி இருக்கிறது. உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ பக்கத்து வீட்டுத் தாத்தாவோ பாடுவதைப் பதிவு செய்யுங்கள். பாடுபவரின் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த ஆண்டில் யாரிடம் கற்றது என்ற விவரத்தை முதலில் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். துரையைத் திட்டும் பாட்டு, கெட்ட வார்த்தை வரும் பாட்டு என்று எதையும் ஒதுக்காதீர்கள். ஒதுக்கியதே பின்னாளில் வேண்டியதாகும். ஒரு படியைச் சங்கக் கிளையில் கொடுத்து வையுங்கள். கிளைச் செயலாளர்கள் அதற்கென ஒரு பேரேடு திறக்கவேண்டும். சந்தாக் கணக்கை எவ்வளவு பத்திரமாக வைக்கிறோமோ, அவ்வளவு பத்திரமாக இதையும் வைப்போம்.