டபுள் சின் தொல்லையா? சிகிச்சைக்கு முன் காரணத்தைக் கண்டுபிடிங்க!

செல்ஃபி எடுத்தாலும் வீடியோ காலில் பேசினாலும், முகத்துக்குக் கீழே எட்டிப் பார்க்கும் டபுள் சின் பலருக்கும் உறுத்தலாக இருக்கிறது. கிளினிக்குக்கு ஓடும் முன், அது கொழுப்பா, தளர்ந்த சருமமா என்று தெரிந்துகொள்வது அவசியம். காரணத்தைப் பொறுத்தே சிகிச்சையும் மாறும்.

கொழுப்பு என்றால்...

உடல் பருமன் உள்ளவர்களுக்கு எடை குறைந்தாலே தாடையும் ஓரளவு மெலியும். ஒல்லியாக இருந்தும் பரம்பரையாகக் கொழுப்பு தங்குபவர்களுக்கு டிஆக்ஸிகோலிக் அமில ஊசி இருக்கிறது. நம் பித்தநீரில் இயல்பாகவே உள்ள இந்த அமிலம், கொழுப்பு செல்களை உடைக்கும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2015-ல் இதற்கு அனுமதி அளித்தது. குறைந்தது ஒரு மாத இடைவெளியில், அதிகபட்சம் 6 முறை போடலாம். வீக்கம், வலி, மரத்துப்போதல் சகஜம். தாடையோர நரம்பு பாதிக்கப்பட்டால் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணும். பெரும்பாலும் இது சில வாரங்களில் சரியாகிவிடும்.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனும், உறைய வைத்து அழிக்கும் முறையும் உண்டு. உறைய வைக்கும்போது, அபூர்வமாகச் சிலருக்குக் கொழுப்பு குறைவதற்குப் பதில் கட்டிபோல வளர்ந்துவிடும். சூப்பர் மாடல் லிண்டா இவான்ஜெலிஸ்டா தனக்கு அப்படி நேர்ந்ததாக 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

சருமம் தளர்ந்திருந்தால்...

இவர்கள் கொழுப்பைக் கரைத்தால் சருமம் இன்னும் தொங்கலாம். தளர்வு அதிகமென்றால் 'நெக் லிஃப்ட்' அறுவை சிகிச்சைதான் பலன் தரும். கழுத்தில் கயிறுபோலத் தெரியும் தசைப் பட்டைகளுக்கு பொட்டாக்ஸ் ஊசி போடுவார்கள். அதன் பலன் சில மாதங்களே நீடிக்கும்.

இதையெல்லாம் கவனிங்க!

* கழுத்தின் முன்புற வீக்கம், எச்சில் விழுங்கும்போது மேலும் கீழும் நகர்ந்தால் தைராய்டு வீக்கமாக இருக்கலாம்.

* கழுத்து மடிப்புகள் கறுத்து, வெல்வெட்போலத் தடித்தால் அழுக்கு என்று தேய்க்க வேண்டாம். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். க்ரீம் வாங்கும் முன் சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள்.

* ஆன்லைனில் கிடைக்கும் 'கொழுப்பு கரைக்கும் ஊசி'யை வீட்டில் நீங்களே போட்டுக்கொள்ளவே கூடாது. நோய்த்தொற்று, நிரந்தரத் தழும்பு வரை கொண்டுபோய்விடும்.

* கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் இந்தச் சிகிச்சைகளைத் தள்ளிப்போடுவது நல்லது.

கிளினிக்கில் சலுகை விலையைக் கேட்பதற்கு முன், ஊசி போடப்போவது சரும மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்!