திமிர் என்று பெயர் வைத்தார்கள்

வலிப்பு என்றால் கீழே விழ வேண்டும், கைகால் வெட்ட வேண்டும், வாயில் நுரை தள்ள வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த வலிப்பு அதுதான். எனக்கு வந்தது வேறு. பேசிக்கொண்டே இருப்பேன், பேச்சு நின்றுபோகும். எதிரில் யார் இருந்தாலும் அவர் முகத்தின்மேல் கண் நிலைகுத்தி நிற்கும். வாய் எதையோ மெல்லும். இடது கை முந்தானையைத் திருகிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். நடந்தது ஒன்றும் பிறகு எனக்கு நினைவில் இருக்காது.

ஒரு பெண் இப்படி நின்றால் உடம்புக்கு என்னவோ என்றுதானே நினைக்க வேண்டும்? சேரிப் பெண் நின்றால் அப்படி நினைக்க மாட்டார்கள். எட்டாம் வகுப்பில் வாத்தியார் பெயர் கூப்பிட்டபோது பதில் சொல்லாமல் அவரையே பார்த்தேனாம். "என்னாடி முறைக்கிற, திமிரா?" என்று பிரம்பால் அடித்தார். கையில் வீக்கம் இருந்தது. எதற்கு அடி வாங்கினேன் என்று பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். எம்.ஏ. தமிழ் முடித்து ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தபோது முதல்வர் அறையிலும் இதுவே நடந்தது. எதையோ மென்றபடி முதல்வரை முறைத்தேன், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று மெமோ கொடுத்தார்கள். "கோட்டாவுல வந்ததுங்களுக்கு இம்புட்டு ஆணவமா" என்று ஆசிரியர் அறையில் பேசியது என் காதுக்கே வந்தது. அடுத்த ஆண்டு வேலை இல்லை. அந்த மெமோவுக்கு என்ன பதில் எழுதுவேன்? அந்த அறையில் நடந்தது தெரியாத ஒரே ஆள் நான்தான்.

என் சித்தப்பாவுக்கு விழுகிற வலிப்பு. பஸ் நிறுத்தத்தில் விழுந்தார். "காலனிக்காரன், காலையிலயே ஊத்திக்கினு கெடக்கறான்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்கள். உச்சி வெயில் வரை கிடந்தார். அவர் வாழ்நாளில் குடித்தவர் இல்லை. எங்கள் ஆம்பளை விழுந்தால் சாராயம், பொம்பளை நின்றால் திமிர். நோய் என்ற பெயர் கிடைப்பதற்கே சாதி வேண்டியிருக்கிறது.

மாவட்டத் தலைநகரில் தலையில் வயர் வைத்து ஈ.இ.ஜி. எடுத்தார்கள். அரை மணி நேரம். "நார்மல். ஒண்ணும் இல்ல, கவனத்த இழுக்கப் பண்றா" என்று அனுப்பிவிட்டார் டாக்டர். வலிப்பு நோய் இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் ஈ.இ.ஜி.யில் ஒன்றும் தெரியாது. மூளையின் மின்னோட்டம் அந்த அரை மணியில் ஒழுங்காக இருந்தது என்பதற்குத்தான் அந்தத் தாள் சாட்சி. இது டாக்டருக்கும் தெரியும். ஆனாலும் தாளை நம்பினார். ஒரு வருடமாக என் கூடவே இருந்து பார்த்த அம்மாவின் வாயை நம்பவில்லை.

கடைசியில் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனை. ஐந்து நாள் படுக்க வைத்து, வலிப்பு வரும்வரை காத்திருந்து, அதைப் படம் பிடிக்கும் பரிசோதனை. வீடியோ ஈ.இ.ஜி. என்கிறார்கள். தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. டேப்பால் மண்டையை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, இருபதுக்கு மேல் சின்னத் தட்டுகளைப் பசை போட்டு ஒட்டி, துணி சுற்றிக் கட்டினார்கள். எதிர்ச் சுவரில் கேமரா. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ராத்திரி தூங்க விடவில்லை. கண்ணெதிரே விளக்கை வெட்டி வெட்டிக் காட்டினார்கள். மூச்சை வேகமாக இழுத்து விடச் சொன்னார்கள். அம்மா கையில் ஒரு பட்டன். எனக்கு வந்தால் அமுக்க வேண்டும்.

முதல் நாள் விவரம் எழுத வந்த இளம் டாக்டர் எந்த ஊர் என்று கேட்டார். அம்மா சொன்னது. "ஊருக்குள்ளயா, காலனியா?" அதையும் சொன்னது. உடனே, "பன்னிக்கறி திம்பியா?" என்றார். பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் "நீங்க" என்று பேசியவர், அதற்கும் மூத்த என் அம்மாவிடம் "நீ". பக்கத்துக் கட்டிலில் இந்தக் கேள்வியே இல்லை.

"கெடைக்கிறப்ப திம்போம் சார். அதுக்கு இன்னா இப்ப?" என்றது அம்மா.

அதற்கு இன்னா என்று நான் சொல்கிறேன். வேகாத பன்றிக்கறியால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குள் போய்க் கட்டியாகி வலிப்பைக் கொண்டுவருவது அந்தப் புழுவின் முட்டை வயிற்றுக்குள் போவதால். முட்டை வருவது குடலில் புழு இருக்கும் மனிதரின் மலத்திலிருந்து. கழுவாத கை, மலம் கலந்த தண்ணீர், அந்தத் தண்ணீர் பாய்ந்த கீரை வழியாக எவர் வயிற்றுக்கும் அது போகும். கறியை முகர்ந்துகூடப் பார்க்காத சைவருக்கும் இந்தக் கட்டி வருகிறது. எனவே கேட்க வேண்டியது: உங்கள் தெருவில் கக்கூஸ் இருக்கிறதா, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது? இதை எல்லாக் கட்டிலிலும் கேட்க வேண்டும். ஊர் மலத்தை எங்கள் தலையில் சுமக்க வைத்தவர்கள், வலிப்புக்கு எங்கள் சோற்றுச் சட்டியை மோந்து பார்க்கிறார்கள். என் ஸ்கேனில் அந்தக் கட்டி இல்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை வந்தது. அம்மா பட்டனை அமுக்கியது. நர்ஸ் ஓடி வந்து பெயர் கேட்டார், பேனாவைக் காட்டி இது என்ன என்றார். வலிப்பு நின்ற பிறகும் ஐந்து நிமிடம் எனக்குப் பேச்சு இல்லை. தொல்காப்பியம் படித்தவளுக்குப் பேனா என்ற சொல் வரவில்லை. இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியில் தொடங்குகிறது என்று மின்னலைகள் காட்டின. அந்த இடத்தில் ஸ்கேனில் ஒரு தழும்பு. சின்ன வயதில் காய்ச்சலோடு நெடுநேரம் வலிப்பு வந்திருந்தால் இப்படித் தழும்பு விழலாம் என்றார் பெரிய டாக்டர்.

அம்மா உடனே சொன்னது: "ரெண்டு வயசுல வந்துச்சிங்க. ஊர்ல டிராக்டர் கேட்டோம், தரல. நானும் இவ அப்பாவும் ஏரிக்கரை மேல தூக்கினு ஓடுனோம். ஆசுபத்திரி போற வரைக்கும் வெட்டினே இருந்துச்சி."

அந்த டிராக்டர்தான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தர முடியாது. நானும் கேட்கவில்லை. அம்மா சொன்னதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

கேட்டதால் எனக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். வாத்தியார் பார்த்த முகம், முதல்வர் பார்த்த முகம். இருபது வருடம் கழித்து நான் முதல்முறையாகப் பார்க்கிறேன். அந்தக் கண்ணில் முறைப்பு இல்லை. அங்கே ஆளே இல்லை. ஆள் இல்லாத முகத்தில் திமிரைப் பார்க்க அவர்களால் எப்படி முடிந்தது? சேரிக்காரி நிமிர்ந்து பார்க்கவே கூடாது என்பது மனதில் இருந்தால் முடியும்.

எந்திரம் உண்மையைச் சொல்லிவிட்டது என்று யாரும் அதற்குக் கும்பிடு போட வேண்டாம். மனித மூளையின் மின்னலையை 1924இல் முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். 1933இல் நாஜிகள் கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் வலிப்பும் இருந்தது. அந்தச் சட்டத்தை நடத்திய மன்றத்தில் பெர்கரும் பங்கெடுத்தார். நம் நாட்டிலும் 1976இல் இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகச் சேர்த்தார்கள். 1999இல்தான் எடுத்தார்கள். எந்திரம் கோடு போடும். அதைப் படிப்பவன் மனிதன்.

பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு வலிப்பு வந்தபோது மின்னலையில் மாற்றம் இல்லை. "இது நடிப்பு கேஸ்" என்று யாரோ சிரித்தார்கள். எனக்குச் சாட்சி கிடைத்த சந்தோஷத்தில் நான் அந்தச் சிரிப்பில் சேர மாட்டேன். இந்தப் பரிசோதனைக்கு வருபவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது இப்படித்தான் இருக்கிறது. மன அதிர்ச்சி, அடக்கிவைத்த பயம் உடம்பின் வழியாக வருவதும் உண்டு. அதுவும் நோய்தான். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. வலிப்பு மாத்திரை அதற்குக் கேட்காது. உட்கார்ந்து பேசிக் கேட்கிற மருத்துவம் வேண்டும். யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்?

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள் கூலியை விட்டுச் சென்னையில் படுக்க எத்தனை பேரால் முடியும்? ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்தப் பரிசோதனை வேண்டும் என்று கேட்போம். கூட இருப்பவருக்குக் கூலி இழப்பைக் கொடு என்றும் கேட்போம்.

தோழர்கள் தெருவில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. விழுந்தவர் கையில் சாவியைத் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. கையில் செல்போன் இருந்தால் படம் பிடித்து, டாக்டரிடமும் வீட்டாரிடமும் மட்டும் கொடுங்கள். எங்கள் சொல்லை நம்பாதவன் அதையாவது பார்க்கட்டும்.

இப்போது மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். ஆறு மாதமாக வரவில்லை. அந்தக் கல்லூரி முதல்வருக்கு மருத்துவமனை அறிக்கையின் நகலை அனுப்பினேன். பதில் இல்லை. நேரில் போகப் போகிறேன். அவர் எதிரில் நின்று கண்ணைப் பார்த்துப் பேசப் போகிறேன். அன்றைக்கும் திமிர் என்றுதான் சொல்வார். சொல்லட்டும். இந்த முறை அது உண்மையாக இருக்கும்.