மறந்த பாஸ்வேர்டைத் திருப்பி அனுப்பும் நல்லவர்களுக்கு

எங்களில் ஒருவர் தான் படித்த ரியூசன் நிலையத்தின் இணையத்தளத்தில் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?' என்பதை அமத்தினார். இரண்டு நிமிடத்தில் மின்னஞ்சல் வந்தது. புதிதாக மாற்றும் இணைப்பு இல்லை. பழைய பாஸ்வேர்டே, எழுத்துப் பிசகாமல்! நல்ல சேவை எண்டு நினைப்பீர்கள். எங்களுக்குப் பகீர் எண்டது. திருப்பி அனுப்ப முடிகிறதென்றால், திருடுகிறவனுக்கும் அது அப்படியே கிடைக்கும்.

கேட்டோம். "சின்ன சைட் தானே தம்பி, இதை ஆர் ஹக் பண்ணப்போறான்?" என்றார்கள். திருடனுக்கு உங்கள் சைட் தேவையில்லை ஐயா. அதே பாஸ்வேர்டைத்தான் பிள்ளைகள் மின்னஞ்சலுக்கும் பேஸ்புக்குக்கும் போடுகிறார்கள். அவனுக்குத் தேவை அது.

"நாங்கள் எம்டி5 போட்டிருக்கிறம்" என்கிறவர்களும் தப்பவில்லை. லிங்க்ட்இன் போட்டிருந்தது அதைவிடப் பலமான ஷா-1. ஆனால் சால்ட் சேர்க்கவில்லை. ஒரே பாஸ்வேர்ட் வைத்த எல்லாருக்கும் ஒரே ஹாஷ். ஒன்றை உடைத்தால் அத்தனை பேரும் அம்பிடுவார்கள். 2012இல் 6.5 மில்லியன் ஹாஷ்கள் வெளியே வந்தன. அதே திருட்டில் போனது 100 மில்லியனுக்கும் மேல் என்று 2016இல் தெரிந்தது. இந்த ஹாஷ்கள் வேகமானவை. அந்த வேகம் திருடனுக்குத்தான் உதவி: ஒரு கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் செக்கனுக்குக் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பான்.

மருந்து 1999இலேயே வந்துவிட்டது. பீகிரிப்ட் வேண்டுமென்றே மெதுவாக ஓடும். அதன் கொஸ்ட் எண்ணை ஒன்று கூட்டினால் வேலை இரட்டிப்பாகும். 2013இல் வந்த பிஎச்பி 5.5 முதல் அது ஒரே வரி: பாஸ்வேர்ட்_ஹாஷ். சால்ட்டையும் அதுவே போடும். காசு கேட்காது.

பழைய பாஸ்வேர்டுகளை என்ன செய்வது? இருபது வரி ஸ்கிரிப்ட் போதும். ஒவ்வொன்றாக எடு, ஹாஷ் செய், புதிய கொலத்தில் எழுது. ஒன்றுக்குக் கால் செக்கன் என்றாலும் 2000 மாணவருக்கு ஒன்பது நிமிடம் ஆகாது. பிறகு பழைய கொலத்தை அழியுங்கள். பழைய பக்கப்களையும் மறக்காமல் அழியுங்கள்.

ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம்தான் கேட்கிறோம். அதுகூட இல்லையென்றால், பிள்ளைகளிடம் பாஸ்வேர்ட் கேட்க உங்களுக்கு என்ன உரிமை?