பனியும் அரிசியும்

பனியே பெய்யாத மட்டாஞ்சேரியில், நம் சங்கத்துச் சிறுமி ஒருத்தி சென்ற மாதம் பனிக்காட்சி தீட்டினாள். பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1868–69இல் வரைந்த படமே அவளுக்கு மூலம். அதில் பனி மூடிய வெளியில், படலின்மேல் ஒரு பறவை அமர்ந்திருக்கும். இவள் படத்திலோ பறவை அமர்ந்தது புகைவண்டிக் கைகாட்டியில், பனியெல்லாம் அரிசி!

கனவுபோன்ற அக்காட்சியைக் கண்டு நாம் நகைத்தோம். பின்னரே அறிந்தோம், பனிமேல் நிழலை நீலமாகத் தீட்டிய மோனேயின் படத்தையும் 1869இல் பாரிஸ் கண்காட்சியினர் ஏற்க மறுத்தனர் என்று. இன்று அது அந்நகரின் ஓர்சே அருங்காட்சியகத்தில் மதிப்புடன் விளங்குகிறது. நம்மூர்ப் பழைய பண்டகசாலைகளிலும் 2012இல் தொடங்கிய பியனாலே விழா இத்தகைய புதுக்கலைகளுக்கு இடமளித்துள்ளது.

அரிசிக்காகப் புகைவண்டி ஏறி வந்தவர்களல்லவா நாம்? சிறுமி தீட்டியது நம் கதையையே. நகைத்தமைக்கு அவளிடம் வருத்தம் தெரிவித்தோம். படம் இப்போது சங்கக் கூடத்தில் இருக்கிறது. குடும்பத்தோடு வந்து காண்க.