நெல்லாக விற்பதா, அரிசியாக விற்பதா?

நெல்லை விளைவிப்பவர் கமக்காரர். அதன் விலையைக் கூறுபவரோ வேறொருவர். ஈரம் உலராத நெல்லைக் களத்திலேயே நிறுத்துக் கொடுத்துவிட்டு, சில மாதங்களின் பின் அரிசியைக் கடையில் விலைகொடுத்து வாங்கும் கமக்காரர் பலர். இந்நிலையை மாற்றுதற்குப் பலர் கூடிச் சொந்தமாக ஓர் அரிசி ஆலை நிறுவவேண்டும் என்னும் எண்ணம் எழுவது இயல்பே. எண்ணம் நல்லது. ஆயினும், எந்த யந்திரத்தை வாங்குவது என்று ஆராயுமுன், எவ்வகை வியாபாரத்தை நடத்துவது என்பதைத் தீர்மானித்தல் வேண்டும்.

மூன்று வழிகள்

முதலாவது, கூலிக்குக் குற்றிக் கொடுத்தல். நெல் பிறருடையது, ஆதலின் விலை இறங்கினாலும் ஆலைக்கு நட்டமில்லை. ஆனால் வருமானம் கூலியளவில் நின்றுவிடும். நெல் வராத மாதங்களிலும் கடன்வட்டியும் வேலையாள் சம்பளமும் ஓயமாட்டா.

இரண்டாவது, நெல்லை வாங்கி அரிசியாக விற்றல். அதிக இலாபம் தரக்கூடியது இதுவே. பெருநட்டம் தரக்கூடியதும் இதுவே. பெரும்போக நெல் மாசி, பங்குனி மாதங்களிற் குவியும்போது முழுப் பணமும் கையிலிருத்தல் வேண்டும். அரிசி விற்றுத் தீரும்வரை அப்பணம் மூடைகளில் முடங்கிக் கிடக்கும். இதற்கிடையில் வெளிநாட்டரிசி வந்திறங்கினாலோ, சில்லறை விலைக்கு அரசாங்கம் உச்சவரம்பு விதித்தாலோ போட்ட கணக்கு முற்றாக மாறிவிடும்.

மூன்றாவது, நெல்லை வைப்பாக ஏற்றல். கமக்காரர் நெல்லை ஒப்படைத்து, விலையில் ஒரு பகுதியை முற்பணமாகப் பெறுவர். அரிசி விற்றபின், செலவு கழித்து மிகுதியைப் பெறுவர். விலையின் ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் பொதுவாகின்றது. எனினும், நிறுவையிலும் கணக்கிலும் நம்பிக்கை குலையுமாயின் அடுத்த போகத்தில் ஒரு மூடையும் வந்துசேராது.

ஈரத்தின் கணக்கு

நன்குலர்ந்த 1000 கிலோ நெல்லிலிருந்து, குறுணலும் சேர, ஏறக்குறைய 650 கிலோ அரிசி கிடைக்கும். உமி ஏறக்குறைய 200 கிலோ. எஞ்சியதிற் பெரும்பகுதி தவிடு. தவிடு கால்நடைத் தீவனமாக விலைபோகும். உமி நெல் அவிக்கும் அடுப்புக்கு எரிபொருளாகும். இவற்றை மறந்து கணக்கிடுதல் தவறு.

இதனிலும் பெரிய தவறு ஈரத்தைக் கணக்கிடாமை. 20 சதவீத ஈரமுள்ள 1000 கிலோ நெல்லை, களஞ்சியத்தில் வைத்தற்கேற்ற 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் எஞ்சுவது ஏறக்குறைய 930 கிலோ. குறைந்த 70 கிலோவும் வெறும் நீரே. அந்நீரை உலர்ந்த நெல்லின் விலைக்கு வாங்கும் ஆலை, யந்திரம் சுழலுமுன்னரே நட்டமடைகின்றது. வியாபாரி ஈரநெல்லுக்கு விலை குறைப்பதற்கும் இது ஒரு காரணமாகும்.

எது பொருத்தமானது?

“விதைப்புக் காலத்தில் உழவுக்கும் உரத்துக்கும் வியாபாரியே கடன் தருகின்றார்; அவருக்கு நெல் கொடாவிடின் அடுத்த போகம் எவ்வாறு நடைபெறும்?” என்னும் கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. கடன்பட்டவருக்கு நான்கு மாதங்களின் பின் வரும் நல்ல விலையினும், இன்று கைக்கு வரும் பணமே பெரிது. ஆகவே, முற்பணம் கொடுக்க இயலாத ஆலை, எத்துணைச் சிறந்த யந்திரத்தை உடையதாயினும், நெல்லின்றி நிற்கும்.

இக்காரணத்தால் வைப்பு முறையே சிறு கமக்காரருக்கு ஏற்றது. அவர்கள் சேர்க்கும் முதல், முற்பண நிதிக்கும் உலர்த்தும் தளத்துக்கும் ஈரமானிக்கும் நேர்மையான தராசுக்குமே முதலிற் செலவிடப்படல் வேண்டும். அவித்தலையும் குற்றுதலையும் தொடக்கத்தில் அயலிலுள்ள ஆலையிற் கூலிக்குச் செய்விக்கலாம். ஒவ்வொருவரும் தம் விளைவிற் சில மூடைகளை மாத்திரம் கொடுத்து, ஒரு போகம் விற்றுப் பார்க்கலாம். எவர் வாங்குகின்றார், எவ்விலை கொடுக்கின்றார், மீண்டும் கேட்டு வருகின்றாரா என்பவற்றை அந்த ஒரு போகமே கற்பித்துவிடும்.

அமைப்பு முறையும் முன்னதாகவே தீர்மானிக்கப்படல் நன்று. வெறும் பங்காளித்துவத்தில் ஒருவர் வியாபாரத்துக்காகப் பட்ட கடன் மற்றவரையும் சாரும். கம்பெனியிற் பொதுவாகப் பங்கின் அளவே அதிகாரத்தின் அளவாகும். கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவருக்கு ஒரு வாக்கு. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி பதிவுபெற்ற கமக்காரர் அமைப்பு உள்ள ஊர்களில், இம்முயற்சியை அங்கிருந்தே ஆரம்பித்தல் இலகுவாகும். எவ்வமைப்பாயினும் நட்டத்தை எவர், எந்த அளவிற் தாங்குவது என்பது தொடங்குமுன்னரே எழுத்தில் இருத்தல் அவசியம்.

ஒரு போகத்தின் கணக்கு இலாபம் காட்டுமாயின், ஆலை பின்னர் எழலாம். காட்டாவிடின் இழக்கப்படுவது சில மூடை நெல்லேயாகும். யந்திரத்தை முதலில் வாங்கி வியாபாரத்தைப் பின்னர் தேடுபவரோ, அதற்காக ஈடுவைத்த வயலையே இழக்க நேரிடும்.